கம்மினு எழுதுங்க

என் விடுதி வாசலில் இருந்த போர்டை அவர் மூன்று தடவை திருத்தினார். முதல் தடவை சாக்பீஸால் கிறுக்கினார். இரண்டாம் தடவை பெயின்டரையே கூட்டிக்கொண்டு வந்தார். மூன்றாம் தடவை பிரஷ்ஷை என் கையில் கொடுத்து, "நீங்களே எழுதுங்கம்மா, அப்பதான் மனசுல நிக்கும்" என்றார். ரோட்டில் போகிறவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த பெயின்டை அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டியிருக்க வேண்டும்.

செங்கம் ரோட்டில் ஆறு அறை வைத்து விடுதி நடத்துகிறவள் நான். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள்தான் என் பிழைப்பு. அறை கேட்ட கையோடு கார் கேட்பார்கள். போர்டைத் திருத்தினாரே அவர், கீழ்பென்னாத்தூர்க்காரர், சென்னையில் யாரோ நாலு வருஷம் ஓட்டிய, பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற ஒரு ஹைப்ரிட் காரை வாங்கி, மஞ்சள் போர்டு மாட்டி, எங்கள் தெருமுனை டாக்ஸி ஸ்டாண்டில் கொண்டுவந்து நிறுத்தினார். தியானம் பண்ண வருகிறவர்களுக்கு இந்த மாதிரி சங்கதி பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். 'புகையே இல்லாத கார் இங்கே கிடைக்கும்' என்று போர்டு வைத்தேன். அவருக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் வைத்தேன்.

"பொகையே இல்லைனு யாரும்மா சொன்னது? பெட்ரோல் போடறேன், பொகை வருது. கம்மியா வருது. கம்மினு எழுதுங்க."

"'புகை கம்மியான கார்'னு எழுதினா எவன்ணா வருவான்? கேக்கவே நல்லாயில்ல."

"கேக்கறதுக்கு நல்லா இருக்கணும்னா நாயனம் வெச்சுக்கலாம்மா."

இதுதான் அவர். தப்பான வார்த்தை ஒன்று காதில் விழுந்துவிட்டால் அதை அப்படியே போக விடமாட்டார். "கொஞ்சம் இருங்க" என்பார். அந்தக் குரல் ஏறாது, இறங்காது. சண்டைக்கு வருகிற மாதிரியும் இருக்காது. சட்டையில் ஒட்டிய நூலைப் பார்த்தால் எடுத்துப் போடுவோமே, அந்த மாதிரி. ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை நூலைத்தான் எடுப்பது? பக்கத்தில் நிற்கிற எனக்கே அலுத்துவிடும்.

ஒரு வெள்ளைக்காரர் இரண்டு மாதம் என் மாடி அறையில் தங்கியிருந்தார். கார் கிளம்பும்போது சத்தமே வராததில் அப்படியே சொக்கிப்போய், இந்தக் காரில் உட்கார்ந்தால் மனசில் குற்ற உணர்ச்சியே இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். டிப்ஸ் கொடுக்கப் போகிற முகம் அது. இவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பினார்.

"ஒன் மினிட் சார். பெட்ரோல் பர்னிங். லிட்டில் கில்ட் ஓகே."

அந்த ஆள் அதற்குப் பிறகு ஆட்டோவில்தான் போனார்.

இந்தப் பக்கம் இப்படியென்றால் அந்தப் பக்கம் ஸ்டாண்டுக்காரர்கள். எல்லாரும் டீசல் வண்டி வைத்திருப்பவர்கள். டீக்கடையில் இவர் தலையைக் கண்டாலே ஆரம்பித்துவிடுவார்கள். பேட்டரி செய்வதற்கே மலையை வெட்டுகிறான், அந்தப் பாவத்துக்கு நம்ம டீசல் வண்டி எவ்வளவோ மேல் என்பான் ஒருவன். மூணே வருஷத்தில் பேட்டரி செத்து ஏரியில் கிடக்கும், மீன் மிதக்கும் என்பான் இன்னொருவன். வேறு யாராவது என்றால் பதிலுக்கு ஏதாவது கத்துவார்கள். இவர் முதலில் ஒப்புக்கொள்வார். அதுதான் எனக்குத் தாங்காது.

"ஆமாப்பா, வெட்டறான். செய்யும்போது உன் வண்டியை விட இதுக்குக் கெடுதல் கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா ஓடும்போது கம்மி. தெனம் ஓட ஓட அந்த ஜாஸ்தி கழிஞ்சுபூடும், அப்புறம் இதுதான் மேலு. ஷெட்டுல நிறுத்தி அழகு பாத்தா கழியாது. நான் நிறுத்தறனா?"

"பேட்டரி?"

"ஏரியில போட்டாத்தான் ஏரி கெடும். திருப்பிக் குடுத்தா உருக்கி எடுத்துக்கறான். அது வண்டி தப்பில்ல, போடறவன் தப்பு."

இந்தப் பேச்சை நான் குறைந்தது நூறு தடவை கேட்டிருப்பேன். ஒரு தடவைகூட யாரும் 'அப்படியா' என்று சொல்லிப் பார்த்ததில்லை. மறுநாள் அதே ஆள் அதே மீனை மிதக்கவிடுவான். இவரும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கொஞ்சம் இரு" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பார். வண்டியை எங்கே சார்ஜ் போடுகிறாய் என்று கேட்பவர்களுக்குத் தனிப் பாடம். எங்கேயும் சொருகுவதில்லை, பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போவதை வண்டியே எடுத்து வைத்துக்கொள்கிறது, ஊருக்குள் நின்று நின்று போனால் மிச்சம் நிறைய, ஹைவேயில் அவ்வளவாக இல்லை என்று எல்லாம் சொல்வார். ஹைவேயில் இல்லை என்பதை யாராவது கேட்டார்களா? ஏர்போர்ட்டுக்குப் போகிற சவாரியிடம் அதைச் சொல்வானேன்?

பெங்களூரிலிருந்து வந்த ஒரு அம்மா, கிரிவலம் போக இவர் காரைக் கேட்டார். நாற்பது வயசு இருக்கும், தினம் யோகாசனம் செய்கிற உடம்பு. புகையில்லாத வண்டிதானே, மலையைச் சுற்றினால் பாவமில்லை என்று அவருக்கு ஒரு கணக்கு. இவர் அந்த அம்மாவின் காலைப் பார்த்தார். "முட்டி நல்லாத்தானம்மா இருக்கு? நடந்தா பொகை சுத்தமா இல்ல. அதுக்கு மட்டும் 'இல்ல'னு சொல்லலாம்" என்றார். சவாரி போயிற்று. அந்த அம்மா நடக்கவும் இல்லை, வேறு கார் பிடித்துப் போனார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஏண்ணா இப்படி? ஒரு வார்த்தைதானே? 'இல்ல'னு சொன்னா உங்க நாக்கு இன்னா தேஞ்சா போவும்?"

அன்றைக்குத்தான் ஒரே ஒரு தடவை காரணம் சொன்னார். கார் வாங்குவதற்கு முன்னால் அவர் நிலத்தில் கடலை பயிரிட்டுக்கொண்டிருந்தவர். ஒரு வருஷம் பூச்சி மருந்து விற்க வந்தவன், இதை ஒரு தடவை அடித்தால் பூச்சியே இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனான்.

"'கம்மியாவும்'னு சொல்லியிருந்தா நாலு நாளைக்கு ஒருவாட்டி போயி எலையைத் திருப்பிப் பாத்திருப்பேம்மா. 'இருக்காது'னு சொன்னான். நான் பாக்கவே போகல. போனப்ப காம்புதான் நின்னுச்சு." கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் துடைத்தார். "இல்லைனு சொன்னா மனுசன் பாக்கறதை உட்டுடறான். கம்மினு சொன்னா பாத்துக்கிட்டே இருப்பான். அவ்ளோதான்."

அவர் பார்த்துக்கொண்டே இருப்பவர்தான். அந்தக் காரில் பின் சீட்டு ஓரமாகக் கையகலத்துக்கு ஒரு சல்லடை உண்டு. பேட்டரி சூடு தணிய அந்த வழியாகத்தான் காற்று இழுத்துக்கொள்ளும். மாதம் பிறந்தால் பெயின்ட் அடிக்கிற பிரஷ் ஒன்றால் அதைத் தூசி தட்டுவார். அதன்மேல் பையை வைக்கிறவர்களிடம், "அது மூச்சு உடற எடங்க, கொஞ்சம் நவுத்துங்க" என்பார். என்னிடமும் சொல்லியிருக்கிறார். எனக்குத் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

சவாரிகள் குறைந்துகொண்டே வந்தன. வண்டியை விற்றுவிடலாமா என்று அவரே யோசிக்க ஆரம்பித்திருந்த நேரத்தில் எனக்கு ஒரு வழி கிடைத்தது. மலைக்குப் பின்பக்கம் புதிதாக ஒரு யோகா மையம் திறந்திருந்தார்கள். விருந்தாளிகளை ஏற்றி இறக்க வருஷம் முழுக்க ஒரு கார் வேண்டும். சுற்றுச்சூழலைக் கெடுக்காத காராக இருந்தால் நல்லது என்றார் அதன் மேனேஜர். அவருடைய அறைகள் நிரம்பினால் மீதி ஆட்களை என் விடுதிக்கு அனுப்புவதாகவும் பேச்சு. நான் இவரை உட்காரவைத்துப் பேசினேன்.

"அவங்க நோட்டீஸ்ல 'புகையில்லாப் பயணம்'னுதான் போடுவாங்க. நீங்க ஆமானும் சொல்ல வேணாம், இல்லைனும் சொல்ல வேணாம். வாயை மூடிக்கிட்டு ஓட்டுங்க, போதும்."

வண்டி கையை விட்டுப் போவதை விட இது பரவாயில்லை என்று நினைத்திருப்பார். "சரிம்மா, பேசல" என்றார்.

ஆயுத பூஜை வந்தது. வண்டிக்குக் காவி நிறத்தில் சீட் கவர் தைத்துக் கொடுத்தேன், என் அன்பளிப்பு. தேரடி வீதி டெய்லர் தைத்தது. சல்லடை இருக்கிற இடத்தில் இவர் கத்திரிக்கோலை எடுத்து சதுரமாக ஓட்டை போட்டுவிட்டார். புதுத் துணியில் எலி கடித்த மாதிரி அசிங்கமாக இருந்தது. மறுநாள் மேனேஜர் வண்டியைப் பார்க்க வரப்போகிறார். இவர் குளிக்கப் போன நேரத்தில் டெய்லரைத் திரும்ப வரச்சொல்லி, அந்த ஓட்டையின்மேல் அதே துணியில் ஒரு பை தைக்க வைத்தேன். மையத்தின் நோட்டீஸ்களை வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று தோன்றியது. துணிதானே, காற்று போகாதா என்று நினைத்தேன். முதல் கட்டு நோட்டீஸை நானே உள்ளே சொருகினேன். பளபளவென்று வழவழப்பான காகிதம். 'புகையில்லாப் பயணம்' என்று மேலே தெரிந்தது.

அவரிடம் அப்புறமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். சொல்லவில்லை.

மறுநாள் மேனேஜர் பார்த்த கையோடு வண்டி மையத்துக்குப் போய்விட்டது, இவர் பின் சீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க நேரமில்லை. மையத்தில் காரின் உட்புறத்தை அவர்களே துடைத்துக்கொள்வார்கள். தைலம் தெளிப்பார்கள், பூ வைப்பார்கள். பின்கதவைத் திறக்கக்கூட இவரை விடுவதில்லை. மாதம் பிறந்ததும் இவர் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போனாராம். "சல்லடையில தூசியே இல்லண்ணா, நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். இவரும் திரும்பிவிட்டார். இதை எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு ஆறவில்லை. 'இல்லை' என்ற வார்த்தையை ஊர் முழுக்கத் திருத்திக்கொண்டு திரிந்த மனுஷன், அந்த ஒரு இடத்தில் அதை நம்பிவிட்டார். பேசக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருந்தார் அல்லவா?

குளிர்காலம் ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. கொரோனாவுக்கு முந்தின கோடை அது, கத்திரி வெயில். விருந்தாளிகள் இரண்டு பேரை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போகும்போது செஞ்சி தாண்டி வண்டி நின்றது. சிவப்பு விளக்கு எரிந்ததாம். அந்த வழியாக வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி அவர்களை ஏற்றிவிட்டு, வண்டியை இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் காட்டினார். பேட்டரி சூட்டில் வெந்துபோயிருந்தது. மையத்துக்காரர்கள் அன்று சாயங்காலமே வேறு வண்டி வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் என் விடுதிக்கு வந்தார். ஒரு கட்டு நோட்டீஸை மேஜைமேல் வைத்தார். விளிம்பெல்லாம் தூசி படிந்து கறுத்திருந்தது.

"இதுங்க சல்லடை மேல இருந்துச்சும்மா" என்றார்.

"டெய்லர்தான்..." என்று ஆரம்பித்தேன். கொஞ்சம் இருங்க என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை பால் வாங்க டீக்கடைக்குப் போயிருந்தேன். ஸ்டாண்டுக்காரர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். அவர்களுக்குத் தீபாவளிதான்.

"இன்னாபா, நாங்க அப்பவே சொல்லல? மூணு வருஷம். கரெக்டா மூணு வருஷத்துல பேட்டரி பூட்ச்சா இல்லியா?"

அவர் வாங்கித்தான் மூன்று வருஷம். வண்டி பிறந்து ஏழு வருஷம். பேட்டரி தானாகச் சாகவில்லை, மூச்சு முட்டிச் செத்தது. மூச்சை அடைத்தவள் பால் தூக்கோடு நாலடி தள்ளி நின்றுகொண்டிருக்கிறாள். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். நான்தான் பை தைத்தேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், மூன்று வருஷமாக அவர் பேசியதெல்லாம் உண்மை என்று அந்த இடத்தில் நிலைத்திருக்கும். மையத்து மேனேஜர் காதுக்குப் போய்விடும், என் அறைகளுக்கு ஆள் அனுப்பமாட்டார் என்று அந்த நேரத்தில் கணக்குப் போட்டேன். அதுதான் உண்மை, இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை.

"கொஞ்சம் இருங்கபா" என்றார் அவர். "பேட்டரி மேல தப்பில்ல. காத்து போற வழி அடைஞ்சிருந்துச்சு. நான் பாத்திருக்கணும்."

"பேட்டரி செத்தும் உட மாட்டேங்கறான் பார்றா" என்று சிரித்தார்கள். அவரும் டீயைக் குடித்து முடித்தார். யார் அடைத்தது என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

புது பேட்டரி போட அவருக்குத் தெம்பில்லை. பழைய இரும்புக்காரன் ஒருவன் பேட்டரியை எடுத்துக்கொள்கிறேன் என்று வந்தான். உடைத்து வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை ஏரிக்கரையில் வீசுகிறவன். கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, சென்னைக்குப் போகிற ஒரு டெம்போவில் அதை ஏற்றித் தானும் கூட உட்கார்ந்து போய், கம்பெனி ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். எதற்கு இந்த வேலை என்று கேட்டேன்.

"ஏரியில போடுவான்னு சொன்னாங்க இல்லம்மா? அது பொய்யா இருக்கணும்னா நான் போடக் கூடாது இல்ல."

காரை சென்னையில் ஒருவர் அப்படியே வாங்கிக்கொண்டு போய், வேறு பேட்டரி போட்டு ஓட்டுகிறாராம். இவர் கீழ்பென்னாத்தூருக்கே போய் ஒரு பள்ளிக்கூட வேனுக்கு டிரைவராகிவிட்டார். அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் பார்த்துக்கொண்டேன் என்று சொன்னால் சரியாக இருக்கும். யோகா மையமும் கொரோனாவில் இழுத்து மூடிக்கொண்டது. எதற்குப் பயந்து வாயை மூடினேனோ அது ஒரு வருஷம்கூட நிற்கவில்லை.

ஆனால் அந்த டீக்கடைப் பேச்சு மட்டும் ஊரில் நிலைத்துவிட்டது. இப்போது ஹைப்ரிட் கார் வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். என் விடுதிக்கே மாதம் இரண்டு மூன்று வருகிறது. வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு எங்கள் ஸ்டாண்டில் ஒரு கதை தயாராக இருக்கிறது. "எங்க ஊர்லயே ஒருத்தரு வெச்சிருந்தாரு சார். கரெக்டா மூணு வருஷம், பேட்டரி அவுட். எல்லாம் ஏமாத்து வேலை." சொல்கிறவன் அன்றைக்கு டீக்கடையில் இருந்தவனே இல்லை, புது ஆள். அவருடைய மூன்று வருஷப் பேச்சில் ஒரு வார்த்தை இங்கே மிச்சமில்லை. என் ஒரு நிமிஷத்து மௌனம் மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவை காதில் விழும்போதும் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

போன வாரம் சேலத்திலிருந்து வந்த ஒருவரிடம் அந்த டிரைவர் இதையே சொல்லிக்கொண்டிருந்தான். என்னவோ தெரியவில்லை, எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

"கொஞ்சம் இருங்க. அந்த பேட்டரி தானா போகல. காத்து போற வழியை நான் அடைச்சேன். பை தெச்சு நோட்டீஸ் சொருவினது நான்."

டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "சும்மா சொல்றீங்க மேடம்" என்றான். சேலத்துக்காரர் போனைப் பார்த்தபடி, "எப்படியோ, மூணு வருஷந்தானே தாங்குச்சு?" என்றார். வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று அடுத்துக் கேட்டார். எனக்கு அழுகை வந்தது. இதைத்தான் அந்த மனுஷன் தினமும், குரல் ஏறாமல், டீ ஆற ஆறச் செய்துகொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் அவருக்குப் போன் செய்தேன். பழைய நம்பர்தான். பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது. நான் யாரென்று சொன்னதும், "சொல்லுங்கம்மா" என்றார், நேற்றுப் பேசி விட்ட மாதிரி.

"அண்ணா, இன்னைக்கி சொல்லிட்டேன். மொத்தத் தப்பும் என்னுதுதான்னு சொல்லிட்டேன்."

"கொஞ்சம் இருங்கம்மா. மொத்தமும்னு சொல்லாதீங்க, அது தப்பு. தூசியே இல்லைனு அவங்க சொன்னப்ப நான் நம்பிட்டு வந்தேன் இல்ல? நானும் பாக்கல."

"சரிண்ணா. பாதி என்னுதுனு சொல்றேன்."

"பாதி இல்லம்மா" என்றார். "பாதிக்கு ஜாஸ்தி."

இப்போது அப்படித்தான் சொல்கிறேன். யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.